இரண்டு லட்சம் செங்கல்

மருமவனே, சேதி கேள்விப்பட்டேன். வர்ற சனிக்கிழமை நடுராத்திரி உங்க கம்பெனி ஃபயர்வாலுக்குப் புது ஃபர்ம்வேர் ஏத்தப் போறியாமே! போன்ல சொல்லும்போது எந் தங்கச்சி குரல்ல இருந்த பெருமைய நீ கேட்டிருக்கணும். அந்த ஃபயர்வால் பெட்டி ஆக்லாந்து நடுஊருல, குயின் ஸ்ட்ரீட் பக்கம் ஏதோ மாடியில இருக்கு. ஏத்த வேண்டிய ஃபைல் சென்னை ஆபீஸ் சர்வர்ல இருக்கு. நீ மவுண்ட் ராஸ்கில் வீட்டு சோபாவுல போர்வையப் போத்திக்கிட்டு இருக்கப்போறே. இந்த மூணையும் சேத்துவைக்க டி.எஃப்.டி.பி.ங்கிற ஃபைல் அனுப்புத முறை. அடேயப்பா, திட்டம்னா இதுல்லா திட்டம்!

மாமனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு நெத்தியச் சுருக்காதே. கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல கேபிள் ஜாயின்ட் போட்ட கை இது. இப்ப மகன் வீட்டுல சும்மா இருக்கேன். சும்மா இருக்கவன்தான் மேனுவலை முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பான். உங்களுக்கு எங்க நேரம்? நீங்கள்லாம் வேலை பாக்க ஆளுக.

முதல்ல நேரத்தைப் பாத்தியா? கோடையில ஆக்லாந்துல ராத்திரி 12 மணின்னா சென்னையில சாயங்காலம் நாலரை. அங்க உள்ள பையன் டீக்கடைக்குக் கிளம்புத நேரம். குளிர்காலம்னா அஞ்சரை, அவன் பஸ்ஸுக்கு ஓடுத நேரம். அதுவும் சனிக்கிழமை. சர்வர்ல ஏதும் முட்டுச்சுன்னா யாரை எழுப்பப்போறேன்னு எழுதி வச்சிருக்கியா, இல்லே எந் தங்கச்சியத்தான் எழுப்புவியா?

சரி, டி.எஃப்.டி.பி.க்கு வாரேன். கட்டட வேலையில மாடிக்குச் செங்கல் ஏத்துததப் பாத்திருப்பே. கீழ நிக்கவ ஒரு கல்லை வீசுவா. மேல நிக்கவன் பிடிச்சுட்டு 'ம்' ம்பான். அந்த 'ம்' காதுல விழுந்த பொறவுதான் அடுத்த கல் கிளம்பும். டி.எஃப்.டி.பி. அந்த வேலைதான் பாக்கு. ஒரு கல்லு 512 பைட். உன் ஃபைல் 100 மெகாபைட்னு வையி, மொத்தம் 2,04,800 கல்லு. அத்தனை கல்லுக்கும் அத்தனை 'ம்'.

இப்ப மாமன் மனக்கணக்குப் போடுதேன், கேட்டுக்கோ. பெட்டிக்குப் பக்கத்துல லேப்டாப்பை வச்சு வீசினா, ஒரு கல்லு போயி 'ம்' திரும்பி வர ஒரு மில்லிவினாடின்னாலும் மூணரை நிமிசத்துல சோலி முடிஞ்சிரும். சிட்னியில இருந்து வீசினா போக வர 25 மில்லிவினாடி. அப்ப 85 நிமிசம். சென்னையில இருந்துன்னா 200 மில்லிவினாடின்னு தாராளமா வச்சுக்கோ. 11 மணி நேரத்தைத் தாண்டிரும். நீ சனிக்கிழமை நடுராத்திரி ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு உன் பொண்டாட்டி அரிசி களையும்போதும் கல்லு வந்துக்கிட்டேதான் இருக்கும். 'எங்க லைன் ஜிகாபிட் மாமா'ன்னு சொல்லுவே. சொல்லு, சந்தோசம். 2000ல இருந்து டகாபூனாவுலயும் வெனுவாபாயிலயும் கடலுக்கடியில இருந்து கரையேறுத சதர்ன் கிராஸ் கேபிள் எம்புட்டு அகலமா இருந்தா என்ன? ஒரு கல்லை வீசிட்டு 'ம்'முக்காகக் காத்துக்கிட்டு நிக்கவளுக்கு ரோட்டு அகலம் எதுக்கு?

வேடிக்கை அதோட நிக்கலே. ஒவ்வொரு கல்லுலயும் எண் எழுதித்தான் வீசணும். எண் எழுத விட்டிருக்க இடம் 16 பிட்டு. 65,535க்கு மேல எழுத இடமில்லே. அம்புட்டுக் கல்லையும் கூட்டினா 32 மெகாபைட்டு. அதுக்கு மேல போனா சில சர்வர் 0ல இருந்து மறுபடி எண்ணும், சிலது 1ல இருந்து எண்ணும், சிலது கைய விரிச்சிரும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எண்ணலேன்னா சரியா 32ல நின்னுபோகும். பெட்டி 'டைம் அவுட்'னு எழுதும். நீ 'நெட்வொர்க் சரியில்லே'ன்னு டிக்கெட் போடுவே. நெட்வொர்க்காரன் 'ஃபயர்வால் சரியில்லே'ன்னு அதைத் திருப்பி உனக்கே அனுப்புவான். ரெண்டு பேருக்கும் ஓவர்டைம். கல்லோட அளவைப் பெருசாக்கிக்கிடலாம்னு 1990கள்லயே விதியத் திருத்திட்டாங்க. ஆனா அதுக்கு உன் சர்வரும் பெட்டியும் ரெண்டும் ஒத்துக்கிடணும். ஒத்துக்கிடுதான்னு ஃபைல் பேரை அடிக்கதுக்கு முந்தியே பாக்கணும்.

இன்னொண்ணு. ஒரு 'ம்' வரத் தாமதமாச்சுன்னா கீழ உள்ளவ அதே கல்லை இன்னொரு தடவ வீசுவா. மேல உள்ளவன் ரெண்டையும் பிடிச்சு ரெண்டு 'ம்' ம்பான். அந்தக் காலத்து விதிப்படி ஒவ்வொரு 'ம்'முக்கும் ஒரு கல்லு. அப்புறம் கடைசி வரைக்கும் எல்லாமே ரெட்டை ரெட்டையா வரும். இந்த வியாதிக்கு 'மந்திரவாதியின் சீடன்'னு பேரே உண்டு. 1989ல வந்த ஒரு விதி, திரும்ப வந்த 'ம்'முக்குக் கல்லு வீசப்படாதுன்னு கண்டிச்சு அதை அடக்கிச்சு. உங்க திங்கக்கிழமை மீட்டிங்குக்கும் யாராவது அப்படி ஒரு விதி எழுதினா புண்ணியம்.

இந்த டி.எஃப்.டி.பி. விதிய 1981ல எழுதி வச்சது எம்.ஐ.டி.யில இருந்த காரென் சாலின்ஸ்ங்கிற அம்மா. 1992ல திருத்தி எழுதினதும் அவங்களே. தம்மாத்துண்டு சிப்புக்குள்ள அடங்கணும்னு சுருக்கமா வச்சது. அதனால யூசர் பேரு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. அவங்க மேல குத்தம் சொல்ல மாட்டேன். கேட்டதை அளவாச் செஞ்சு குடுத்தாங்க. எனக்குச் சிரிப்பு வர்றது உங்களைப் பாத்துத்தான். வர்றவன் போறவன் அத்தனை பேரையும் சட்டையப் பிடிச்சு 'நீ யாரு, எங்க இருந்து வாரே'ன்னு கேக்கதுக்காக லட்சக்கணக்குல குடுத்து வாங்கின பெட்டி. அதுக்கே ஃபர்ம்வேர் கொண்டுபோகும்போது, நீ யாருன்னு ஒரு வார்த்தை கேக்காத வழியப் பாத்து எடுத்திருக்கே பாரு, அங்கதான் நீ எந் தங்கச்சி மகன்னு தெரியுது!

'அப்ப எஃப்.டி.பி.யில ஏத்துதேன் மாமா'ன்னு சொல்லுவே. அது நம்மாளு எழுதினது, தெரியுமா? அலகாபாத்துல பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யோட முதல் செட்டுல படிச்ச அபய் பூஷண், எம்.ஐ.டி.யில இருந்துக்கிட்டு 1971 ஏப்ரல்ல அதோட முதல் விதிய எழுதினார். அதுல பாஸ்வேர்டு உண்டு. ஆனா அந்தப் பாஸ்வேர்டு ஒயர்ல அம்மணமாத்தான் போகும். நடுவுல எவனும் காதை வச்சான்னா அவனுக்கும் ஒரு காப்பி. அதோட எஃப்.டி.பி.க்கு ஒரு குணம் உண்டு. நீ ஒண்ணும் சொல்லலேன்னா, குடுத்த ஃபைலை ஏதோ கடுதாசின்னு நினைச்சுக்கிடும். கடுதாசில வரி முடியுத இடத்தை லினக்ஸ் 10ங்கிற ஒத்தை எண்ணால குறிக்கும். விண்டோஸ் 13, 10னு ரெண்டு எண்ணால குறிக்கும். லினக்ஸ் சர்வர்ல இருந்து உன் விண்டோஸ் லேப்டாப்புக்கு, அந்தக் கறுப்பு ஜன்னல் எஃப்.டி.பி.யில, 'பைனரி'ன்னு ஒரு வார்த்தை அடிக்காம இறக்கினேன்னு வையி. கண்ணுல படுத ஒவ்வொரு 10க்கு முன்னாலயும் ஒரு 13ஐ அது மரியாதையாச் செருகிக்கிட்டே வரும். சுருக்கிக் கட்டின ஃபைல்ல சராசரியா 256 பைட்டுக்கு ஒரு 10 இருக்கும். 100 மெகாபைட்டுல 4 லட்சம் பைட்டு கூடிப்போகும். ஃபைல் பேரு அதேதான், ஐகான் அதேதான், நீ பாத்த பார்வைக்கு எல்லாம் அதேதான். பெட்டிக்கு மட்டும் அது ஒண்ணுக்கும் ஆகாது.

அதுக்கப்புறம் வாசல், அதாவது போர்ட் சமாச்சாரம். எஃப்.டி.பி. பேச்சை 21ம் நம்பர் வாசல்ல பேசும். சரக்கு தனியா வரும். பழைய முறையில, பேச்சை நீ ஆரம்பிப்பே, சரக்கைச் சர்வர் தானா உன்னைத் தேடிக் கொண்டாரும். ஃபயர்வாலுக்குச் சம்பளமே வெளியில இருந்து தானா தேடி வர்றவனைத் தடுக்கதுக்குத்தான். அதனால லாக்-இன் ஆகும், பாஸ்வேர்டை ஏத்துக்கிடும், ஃபைல் பட்டியலைக் கேட்டதும் அப்படியே தொங்கும். 1994லயே ஸ்டீவ் பெல்லோவின்னு ஒருத்தர், 'சரக்கையும் நீங்களே போயி எடுத்துக்கிடுங்கப்பா'ன்னு ஊருக்கெல்லாம் எழுதிச் சொன்னார். பாஸிவ் முறைம்பாங்க. நீ பிறக்கதுக்கு முந்திச் சொன்னது, அதனால உனக்குப் புதுசாத்தான் இருக்கும்.

பாஸ்வேர்டு அம்மணமாப் போகுத இந்தக் கூத்தைச் சகிக்க முடியாமத்தான் 1995ல பின்லாந்துல தாத்து யூலோனென்ங்கிறவர், எல்லாத்தையும் பூட்டி அனுப்புத எஸ்.எஸ்.எச். எழுதினார். அவர் படிச்ச ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்குல எவனோ உக்காந்து பாஸ்வேர்டை எல்லாம் அள்ளிக்கிட்டிருந்தான். எஃப்.டி.பி.யோட 21க்கும் டெல்நெட்டோட 23க்கும் நடுவுல காலியா இருந்த 22ஐக் கேட்டு வாங்கினார். அந்த 22ம் வாசல் வழியாத்தான் ஃபைல் அனுப்புத எஸ்.சி.பி.யும் போகும். உன் பெட்டிக்கு அது தெரியுமான்னு ஒரு கேள்விக்குறி அடிச்சுப் பாரு. பெரும்பாலும் தெரியும். நீதான் அதுகிட்ட இதுவரைக்கும் கேட்டதில்லே.

அதுக்காக டி.எஃப்.டி.பி.யைத் தலை முழுகிராதே. புது ஃபர்ம்வேர் எழும்பாமப் படுத்துக்கிட்டா, பெட்டி தன்னோட அடிமட்ட நிலைக்குப் போயிரும். சிஸ்கோக்காரங்க ராம்மான்ம்பாங்க. அந்த நிலையில பழைய பெட்டிகளுக்குத் தெரிஞ்ச ஒரே வழி டி.எஃப்.டி.பி.தான். சில பழைய ரூட்டருக்கு அதுகூடத் தெரியாது. 1977ல வார்டு கிறிஸ்டென்சன் எழுதின எக்ஸ்மோடம் வழியா, கன்சோல் கேபிள்ல, 9600 வேகத்துல ஊட்டணும். விநாடிக்கு 960 பைட்டு. 100 மெகாபைட்டுக்கு 30 மணி நேரம். அதனால பக்கத்துல ஒரு லேப்டாப்பும், அதுல டி.எஃப்.டி.பி. சர்வரும், பழைய ஃபர்ம்வேரும் புதுசும் ரெண்டும் இருக்கணும். பக்கத்துலன்னா மவுண்ட் ராஸ்கில்ல இல்லே. பெட்டி இருக்க அதே ரூம்ல.

இங்கதான் சோபா திட்டத்தோட அழகே இருக்கு. நீ வீட்டுல இருந்து வி.பி.என். போட்டு உள்ள போவே. அந்த வி.பி.என். எந்தப் பெட்டியில வந்து முடியுது? அதே பெட்டியில! ரீலோட்னு அடிச்ச மறுவிநாடி உன் வழி அந்துபோகும். பெட்டி எழும்பிட்டா நீ கெட்டிக்காரன். எழும்பலேன்னா, அது ஏன் எழும்பலேன்னு தெரிஞ்சுக்கிட ஒரு ஜன்னல்கூட உனக்கு இருக்காது. அப்பத்தான் காரை எடுத்துக்கிட்டு நடுஊருக்கு ஓடுவே. வாசல்ல கார்டு தேய்ச்சா ராத்திரி வேளைக்கு அது செல்லாதும்பான். வாட்ச்மேன் வந்து திறந்துவிட்டா ரூம் சாவி மேனேஜர் வீட்டுல இருக்கும். எல்லாம் தாண்டி உள்ள போனா, அந்த வெளிர்நீல கன்சோல் கேபிளைக் காணோம். எவனோ வேற சைட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பான். கிடைச்சாலும் உன் மெல்லிசு லேப்டாப்புல அதைச் சொருக ஓட்டை இருக்காது. இதெல்லாம் வெள்ளிக்கிழமை பகல்ல பாக்க வேண்டிய வேலை. ஆனா வெள்ளிக்கிழமை நீங்க டீம் லஞ்சுக்குப் போவீங்களே.

'எதுக்கு வம்பு, ஓடுத பெட்டிய ஏன் தொடணும்'னு உன் கூட்டாளி ஒருத்தன் சொன்னானாமே? நல்ல பிள்ளை. அவனுக்கு நியூசிலாந்து ரிசர்வ் வங்கி கதையச் சொல்லு. வெலிங்டன்ல இருக்க அந்த வங்கி, வெளியாட்களோட ஃபைலை வாங்கவும் குடுக்கவும் அக்ஸெல்லியன் கம்பெனியோட ஃபைல் மாத்துத சாதனம் ஒண்ணை வச்சிருந்துச்சு. 20 வருசப் பழசு. 2020 டிசம்பர்ல அதுல ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சு கம்பெனி பேட்ச் வெளியிட்டுச்சு. பேட்ச் வந்திருக்குன்னு சொல்லுத மெயில் இருக்கே, அது கம்பெனியோட சிஸ்டத்தை விட்டே வெளிய வரலே. கிறிஸ்துமஸ் அன்னைக்கு எவனோ ஓட்டை வழியா உள்ள போயி ஃபைலை அள்ளிக்கிட்டான். 2021 ஜனவரி 10ம் தேதி வங்கி ஊருக்குச் சொல்லிச்சு. கம்பெனி சொல்லும்னு ரொம்ப நம்பி இருந்துட்டோம்னு அப்ப கவர்னரா இருந்த ஏட்ரியன் ஓர் அப்புறம் ஒத்துக்கிட்டார். கே.பி.எம்.ஜி. வந்து ஆராய்ஞ்சுது, வங்கிகிட்டயும் ஓட்டை இருந்துச்சுன்னு சொல்லிச்சு. அந்த வருசம் செப்டம்பர்ல, 2020ம் வருசத்து தனியுரிமைச் சட்டத்துப்படி தனியுரிமை ஆணையர் விட்ட முதல் கட்டளை நோட்டீஸ் இந்த வங்கிக்குத்தான் போச்சு. நாட்டோட பணத்துக்குக் காவலா இருக்கவங்களே மெயில் வரும்னு காத்திருந்தாங்க. நீயும் உன் கூட்டாளியும் எதுக்குக் காத்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. உன் பெட்டியைச் செஞ்ச கம்பெனி சைட்டை வாரத்துக்கு ஒருக்கா நீயே போயி எட்டிப் பாத்தா கண்ணு அவிஞ்சிராது.

ஃபர்ம்வேர் ஃபைலை எடுக்கும்போது பக்கத்துலயே, ஃபைல் மாறலேன்னு சரிபாக்க எஸ்.எச்.ஏ.-512ன்னு 128 எழுத்துக் கோவை ஒண்ணு போட்டிருப்பாங்க. நீ முதல் நாலையும் கடைசி நாலையும் பாத்துட்டு 'சரி'ம்பே, எனக்குத் தெரியும். முழுசையும் ஒட்டிவச்சு ஒப்பிடு. லேப்டாப்புல பாத்தா மட்டும் போதாது. பெட்டிக்குள்ள போன பொறவு, பெட்டியையே கணக்குப் போடச் சொல்லிப் பாக்கணும். 2015 டிசம்பர்ல ஜூனிப்பர் கம்பெனிக்காரங்க தங்களோட ஸ்கிரீன் ஓ.எஸ்.குள்ளயே எவனோ கள்ளக் கோடு எழுதி வச்சிருக்கான்னு கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. அந்த ஃபைலை எடுத்தவனுக்கெல்லாம் கோவை அட்சரம் பிசகாம ஒத்துத்தான் போயிருக்கும். அந்த மாதிரிக்கு நீ பொறுப்பில்லே. வழியில கெட்டுப்போன ஃபைலை ஏத்துனா மட்டும் பழி வேற யாருக்கும் போகாது.

பெட்டி ரெண்டு இருக்கு, ஒண்ணு போனா ஒண்ணு தாங்கும்னு தங்கச்சிகிட்டச் சொன்னியாம். இருக்கட்டும். 1998ல ஆக்லாந்து நடுஊருக்கு நாலு பெரிய கரன்ட் கேபிள் இருந்துச்சு. ரெண்டு வாயு நிரப்பினது, நாப்பது வயசு. ரெண்டு எண்ணெய் நிரப்பினது. ஜனவரி 22ல ஒண்ணு போச்சு. மூணு இருக்கேன்னு இருந்தாங்க. பிப்ரவரி 9ல இன்னொண்ணு போச்சு. சுமை முழுக்க மிச்சம் ரெண்டு தலையில. 19ம் தேதி ஒண்ணு, 20ம் தேதி ஒண்ணு, ஆட்டம் முடிஞ்சுது. நீ இப்ப காப்பி குடிக்க தெருவெல்லாம் சுமார் 5 வாரம் தட்டுத்தடுமாறிச்சு. கேபிள்காரன் கண்ணுக்கு அந்த முதல் பதினெட்டு நாளுதான் பெருசாத் தெரியும். ஒண்ணு போயி மத்தது தாங்கிக்கிட்டு இருந்த நாளுக அது. உன் ரெண்டு பெட்டியும் அப்படித்தான். முதல்ல சும்மா நிக்க பெட்டிக்கு ஏத்து. அது எழும்பி, பொறுப்பை வாங்கி, திங்கக்கிழமை கூட்டத்தை ஒருநாள் தாங்கட்டும். அப்புறம் மத்ததைத் தொடு. ஒரே ராத்திரில ரெண்டையும் முடிச்சுட்டேன்னு திங்கக்கிழமை மார் தட்டணும்னா, தட்டிக்கோ. மார் உன்னோடது.

தொடங்கும்போது கான்ஃபிக்கை எடுத்து பெட்டிக்கு வெளிய வையி. பழைய ஃபர்ம்வேரை அழிக்காதே. ஃபிளாஷ்ல இடமில்லேன்னா பழைய லாக்கை அழி. சில வெர்ஷனுக்கு நேராத் தாவ முடியாது, நடுவுல ஒரு வெர்ஷன்ல இறங்கித்தான் ஏறணும், ரிலீஸ் நோட்டுல எழுதியிருப்பான். புது வெர்ஷன் கான்ஃபிக்கைத் தன் இஷ்டத்துக்கு மாத்தி எழுதிக்கிட்டா, பழசுக்குத் திரும்பும்போது பழைய கான்ஃபிக் வேணும். எந்த ஃபைல்ல இருந்து எழும்பணும்னு பெட்டிக்குச் சொல்லி, ரைட் மெமரி குடுத்து, அப்புறம் ரீலோட். ஃபைலைக் கொண்டுபோயி வச்சாலே வேலை முடிஞ்சுதுன்னு, பூட் வரிய மாத்தாம ரீலோட் குடுத்து, பழைய வெர்ஷனே திரும்ப எழும்புததப் பாத்து முழிச்ச மகராசன்க எத்தனையோ பேரு.

ரீலோட் குடுத்ததும் பெட்டி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாது. அதோட மௌனத்தைப் பாத்து பயந்து பவர் பட்டன்ல கைய வச்சே, கைய ஒடிச்சிருவேன். அடிமட்டச் சிப்புக்கு எழுதிக்கிட்டிருக்கும்போது கரன்ட்டைப் பிடுங்கினா, பெட்டி வெறும் தகர டப்பா. கன்சோல்ல ஓடுத எழுத்தைப் பாத்துக்கிட்டு உக்காரு. எழும்பினதும் ஷோ வெர்ஷன் அடி, வி.பி.என். வருதா பாரு, மெயில் போகுதா பாரு, சம்பளம் போடுத பொம்பளையோட அப்ளிகேஷன் திறக்குதான்னு கட்டாயம் பாரு. வேற எது கெட்டாலும் திங்கக்கிழமை சமாளிச்சுக்கிடலாம்.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சா, நீ நேரா வீட்டுக்குப் போயித் தூங்கிட்டு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு சாண்ட்ரிங்ஹாம் ரோட்டுல தோசை திங்கப் போவே. அங்க உள்ள வைஃபையில உக்காந்து எல்லாருக்கும் 'அப்கிரேட் சக்ஸஸ்'னு மெயில் போடுவே. அதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ராத்திரி டி.எஃப்.டி.பி. ஓடலேன்னு லேப்டாப்போட சொந்த ஃபயர்வாலை அணைச்சு வச்சியே, அதை மறுபடி போட்டியா? 69ம் வாசல்ல அந்தச் சர்வர் இன்னும் திறந்துதானே கிடக்கு? கான்ஃபிக்கை எந்த ஃபோல்டர்ல காப்பி எடுத்து வச்சே, அதே ஃபோல்டர்லதானே?